கரண்டிக் குறைப்பும் தடைக்காலமும்: கோட்டுச்சேரிமேட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

உடல் எடைக் குறைப்பு பற்றிய ஆய்வுலகில் காரைக்கால் வட்டாரத்துக்கு உரிய இடம் கிடைக்காதது பெரும் அநியாயம். எடையை உதறிய தமிழர்களில் முதலிடம் காரைக்கால் அம்மையாரான புனிதவதியாருக்கே. கட்டிய கணவனே காலில் விழுந்து கும்பிட்டதும், அவனுக்காகச் சுமந்த தசை இனி எதற்கு என்று இறைவனிடம் கேட்டுப் புனிதவதியார் அங்கேயே பேயுருவானார் என்கிறது பெரியபுராணம். எலும்பும் தோலுமாகத் தாளமிடும் அவருடைய சோழர் கால வெண்கலச் சிலை ஒன்று அமெரிக்காவின் கன்சாஸ் நகர அருங்காட்சியகம் வரை போயிருக்கிறது. ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம் போட்டு விளம்பரம் செய்யும் இன்றைய எடைக்குறைப்பு மையம் எதுவும் இந்த வேகத்தை எட்டியதில்லை.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பவர் ஒரு பிரெஞ்சுக்காரர்: பாரிசை அடுத்த செவ்ரில் பூட்டி வைத்திருக்கும் கிலோகிராம் உருளை. 1889 முதல் 2019 வரை உலகத்துக்கே கிலோ என்றால் அதுதான். தன் நகல்களோடு ஒப்பிட்டபோது, சுமார் நூறாண்டில் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் இளைத்திருப்பது தெரிந்தது. பட்டினி கிடையாது, நடைப்பயிற்சி கிடையாது, பார்லி கஞ்சி கிடையாது. ஒரே சிக்கல், அந்த வேகத்தில் ஒரு முழுக் கிலோ குறைய 200 கோடி ஆண்டு ஆகும்.

ஒரு கணத்துக்கும் 200 கோடி ஆண்டுக்கும் நடுவே மனிதருக்குத் தோதான கால அளவு எது என்பதே இவ்வாய்வின் வினா.

ஆய்வுக்களமான கோட்டுச்சேரிமேடு காரைக்கால் மாவட்டத்து மீனவ ஊர்களில் ஒன்று. கிழக்கே வங்கக்கடல், மேற்கே காவிரிப் பாசன வயல். ஒரு பக்கம் மீனும் மறுபக்கம் நெல்லுமாக நெருக்கும் இடத்தில் நடுவே அகப்பட்ட மனித வயிறு என்ன செய்யும்? ஆயினும் மீனின் மேல் பழி போடுவதை இவ்வாய்வு வன்மையாக மறுக்கிறது. மத்தி மீனில் புரதமும் நல்ல கொழுப்பும் உண்டு. அதை மட்டும் தின்று தொப்பை போட்டவர் அரிது. குற்றவாளி குழம்பு. தட்டில் சோறு தீரும்போது குழம்பு மிஞ்சுகிறது. அதை வீணாக்கலாமா என்று கொஞ்சம் சோறு. இப்போது சோறு மிஞ்சுகிறது. அதற்குக் கொஞ்சம் குழம்பு. இரண்டும் ஒரே வாயில் தீர்ந்ததாக எந்த வீட்டிலும் பதிவில்லை. முந்தின நாள் வைத்த குழம்பில் இந்த இழுவிசை இன்னும் கூடும் என்பதைப் பழைய சோற்றுப் பானையே சொல்லும்.

இழுவிசைக்கு எதிர்விசையாக நம் முன்னோர் தந்தது தட்டின் மேல் கை மறிப்பது. விரல்கள் ஒட்டியிருந்தால் ‘வேண்டாம்’. விரல்கள் விரிந்திருந்தால் ‘அரைக் கரண்டி போடலாம்’. பரிமாறுகிற அம்மாவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் செல்லாது. “என்னத்த சாப்ட்ட, கோழி கொத்துனாப்ல? கைய எடு” என்று விரலிடுக்கில் சோறு விழும். எடைக்குறைப்புத் திட்டங்கள் பெரும்பாலும் முறிவது இந்த இடத்தில்தான். திங்கட்கிழமை முதல் சோறே தொடமாட்டேன் என்று சபதம் போட்டவர் புதன்கிழமை இரண்டு பங்காக ஈடுகட்டுவதற்கும் இதுவே காரணம்.

ஆகவே நமது கருதுகோள்: சோற்றை நிறுத்த வேண்டாம், ஒரு கரண்டி குறைத்தால் போதும். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி. கரண்டியை 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய, தோராயமாக 7,700 கலோரி குறைய வேண்டும். இந்த இடத்தில் வரலாறு காணாத ஒரு பொருத்தம் தென்படுகிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 61-ஐ 130-ஆல் பெருக்கினால் 7,930. ஒரு தடைக்காலம், தினம் ஒரு கரண்டி, ஒரு கிலோ! மீன் பெருக 61 நாள் ஒதுக்கிய அரசு, அதே நாட்களில் மனிதன் சிறுக்கவும் வழி செய்திருக்கிறது, சொல்லத்தான் மறந்துவிட்டது.

உடம்பு கணக்குப்பிள்ளை இல்லை, வரவு குறைந்தால் செலவையும் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும் என்பது உண்மை. கிலோ என்பது முக்கால் கிலோவாகலாம். அதற்காக மனம் தளர வேண்டாம். செவ்ர் உருளையை நினைத்துக்கொள்க. தடைக்காலத்தில் வருமானம் நின்று, நிவாரணத் தொகைக்குக் காத்திருக்கும் வீட்டு வாசலில் போய் இந்தக் கோட்பாட்டை யாரும் வாசிக்கவும் வேண்டாம். இது தொப்பையாளருக்கு மட்டுமே.

கோட்பாட்டுக்குப் பெரிய சோதனை தடை முடிந்த பிறகுதான் வருகிறது. ஆனிப் பௌர்ணமியில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. வீதியுலாவின்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். ஊரே பழம் பிடிக்கும் நாளில் தட்டின் மேல் கை மறிப்பது எடுபடாது. அன்று மட்டும் விலக்கு அளிக்கலாம். மறுநாள் கரண்டியைப் பழைய கணக்குக்கே கொண்டுவர வேண்டும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும் சோற்றில் கை வைக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மற்றவர்கள் முதலில் வீட்டுச் சோற்றுக் கரண்டியை நிறுத்துப் பாருங்கள். சில வீடுகளில் அது 200 கிராம் பிடிக்கும்.