மசாஃபி வழியாகக் கடலுக்கு

பங்காருபாளையத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் மெட்ராஸ் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற விஷயம். பழைய சித்தூர் ஜில்லாவுக்குக் கடற்கரையே கிடையாது. தோத்தாபுரி மாந்தோப்புகளுக்கும் மொகிலி கணவாய்க்கும் நடுவில் வளர்ந்த நான், தொண்ணூறுகளில் துபாய்க்குப் போன பிறகுதான் கடலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதுவும் வெள்ளிக்கிழமைகளில், வாரத்தில் எங்களுக்கு இருந்த ஒரே விடுமுறை அது.

துபாயிலேயே கடல் இருக்கிறது. ஆனால் நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த அறையில் எல்லோருக்கும் வேண்டியது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொர்ஃபக்கான் கடல். துபாய்க் கரையில் சூரியன் கடலுக்குள் இறங்கும். கொர்ஃபக்கானில் மெரினாவைப் போலவே கடலிலிருந்து ஏறும். எங்களோடு தங்கியிருந்த வேலூர் அண்ணன் மணலில் நின்று கையை நீட்டி, "தம்பி, இப்படியே போனா அரபிக்கடல், அதைத் தாண்டினா நம்ம தேசம்டா" என்பார். ஒவ்வொரு முறையும் சொல்வார், ஒவ்வொரு முறையும் நாங்கள் அந்தத் திசையைப் பார்ப்போம்.

முதல் நாள் இரவே புளிச்சோறு கிளறி, கோழிக்கு மசாலா தடவி வைத்து, விடிவதற்குள் யாரிடமோ கேட்டு வாங்கிய டொயோட்டாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தால், தைது வரைக்கும் மணல், அப்புறம் ஹஜர் மலை. மரமே இல்லாமல் கறுத்து நிற்கும் அந்த மலைக்குள் வண்டி வளைந்து வளைந்து போக, எனக்கோ பலமநேருக்குப் போகும் லாரிகளின் பின்னால் மொகிலி கணவாய் ஏறிய நாட்கள் நினைவில் ஓட, யாரோ ஊரிலிருந்து வந்த கடிதத்தை எல்லோருக்குமாகப் படித்துக்கொண்டு வர, அது முடியும்போது மசாஃபி சந்தை வந்துவிடும்.

ரோட்டின் இரண்டு பக்கமும் கம்பளங்கள், மண்பாண்டங்கள், பழக்கடைகள். அங்கே ஒரு மளிகைக் கடையில் மாம்பழக் கூழ் டின் ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது சித்தூர் என்று அச்சிட்டிருந்தது. எங்கள் பக்கத்து ஆலைகளின் கூழ் வளைகுடாவுக்கும் போகிறது என்பது தெரிந்த சேதிதான். இருந்தும் அத்தனை தூரத்தில், அந்த மலைக்குள், ஊர்ப் பெயரைக் கையில் ஏந்தி நின்றது இன்றைக்கும் எனக்குப் பெரிய விஷயம். எங்கள் தோப்புக் காயும் அதில் கொஞ்சம் இருக்கும் என்று சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

கடற்கரையில் மீனவர்கள் கரைவலையை ஜீப்பில் கட்டி இழுப்பார்கள். ஊரில் பத்துப் பேர் தோள் கொடுக்கும் வேலையை ஒரு வண்டி செய்வதைப் பார்த்துக்கொண்டே கோழியைச் சுட்டுத் தின்போம். மதியத்துக்கு மேல், கார்டு போட்டுப் பேசும் போன் பெட்டிமுன் வரிசையில் நின்று அம்மாவிடம் "கடலுக்கு வந்திருக்கிறேன்" என்று சொல்லும்போதே கார்டு தீர்ந்துவிடும்.

2019 ஏப்ரலில் ஷார்ஜாவிலிருந்து கொர்ஃபக்கானுக்கு 89 கிலோமீட்டரில் புதுச்சாலை திறந்தார்கள். ஐந்து குகைப்பாதைகள், முக்கால் மணி நேரத்தில் கடல் வந்துவிடுகிறது. 2022 முதல் துபாயில் அரசு வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. வெள்ளி அரை நாள் வேலை. ஷார்ஜாவில் இருக்கும் அக்கா மகன் அந்தப் புதுச்சாலையில் என்னைக் கூட்டிப் போனான். மலைச்சரிவில் செயற்கை அருவி, கரையோரம் காபிக் கடைகள். அங்கிருந்தே வீடியோ காலில் அக்காவுக்கு அலையைக் காட்டினான், அவள் அடுப்படியில் நின்றபடி பார்த்துவிட்டு, "சாப்ட்டியாடா?" என்றாள்.

குகைப்பாதையை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் விடுப்பில் வருகிறவனுக்கு அது மிச்சப்படுத்தும் நேரம் தூக்கமாவது தரும். ஆனால் எங்கள் பயணத்தின் பாதி அந்தப் பழைய ரோட்டில்தான் இருந்தது. குகைப்பாதையில் மலைக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் ஒரு கடிதத்தைப் படித்து முடிக்க முடியாது.

இப்போது எங்கள் பக்கமும் மாறிவிட்டது. 2022 ஏப்ரலில் சித்தூரைப் பிரித்து, நெல்லூரின் தெற்குப் பகுதியையும் சேர்த்துத் திருப்பதி ஜில்லா அமைத்தார்கள். அதில் கடற்கரை இருக்கிறது. அடுத்த லீவில் அக்கா மகனை வாகாடு பக்கம் தூபிலிபாளையம் கடற்கரைக்குக் கூட்டிப் போகப்போகிறேன். அவன் மேப்பில் எத்தனை மணி நேரம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். காளஹஸ்தியில் ஒரு டிபன், நாயுடுபேட்டையில் ஒரு டீ என்று நான் நிற்கும் இடங்களைச் சொல்லிவிட்டேன். புளிச்சோறு அக்கா பொறுப்பு.