காஸ் இன்னும் போகவில்லை

எழுபதுகளில் புகுமுக வகுப்பு படித்த எங்களுக்குக் காந்தம் என்றால் காஸ், ஓர்ஸ்டெட், மாக்ஸ்வெல்தான். திருநெல்வேலியில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் விலகு காந்தமானியின் கைகளைக் கிழக்கு மேற்காக வைப்போம். சாவிக்கொத்தையும் கைக்கடிகாரத்தையும் முதலில் தள்ளி வைத்துவிட வேண்டும். பெட்டிக்குள் குட்டிக் காந்த ஊசி, அதற்குக் குறுக்கே நீளமான அலுமினிய முள், அடியில் கண்ணாடி. முள் தன் பிம்பத்தை முழுசாக மறைக்கும்வரை ஒற்றைக் கண்ணால் பார்த்து, இரண்டு முனையிலும் கோணம் குறித்துக்கொண்டு, கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டுவோம். புவிக்காந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறு 0.38 ஓர்ஸ்டெட் என்று கரும்பலகையில் எழுதியிருக்கும்.

அப்புறம் எஸ்.ஐ. முறை வந்தது. டெஸ்லாவை 1960-லேயே பாரிஸ் மாநாட்டில் ஏற்றுக்கொண்டாயிற்று. எங்கள் பாடப்புத்தகத்துக்கு வரத்தான் நாளாயிற்று. 10,000 காஸ் ஒரு டெஸ்லா என்பதில் சிரமமில்லை. பாடுபடுத்தியது ஓர்ஸ்டெட். ஒரு ஓர்ஸ்டெட் என்பது மீட்டருக்கு 79.58 ஆம்பியர், நடுவில் ஒரு 4பை. பழைய முறையில் காற்றில் காஸும் ஓர்ஸ்டெட்டும் ஒரே எண்ணாக வரும். அதனால் புலச்செறிவு வேறு, பாய அடர்த்தி வேறு என்பதே பலருக்கு உறைக்கவில்லை. அதை உறைக்க வைத்ததற்காகவே எஸ்.ஐ. முறையை மதிக்கிறேன்.

இன்று மாணவர் கையிலுள்ள போனுக்குள்ளேயே காந்தமானி இருக்கிறது. செயலியைத் திறந்தால் சுமார் 40 மைக்ரோடெஸ்லா காட்டும், அதாவது 0.4 காஸ். காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்குப் பக்கத்தில் போவதால் இங்கே புலம் ஏறக்குறையப் படுத்தே கிடக்கிறது. ஆகவே மொத்தப் புலமும் கரும்பலகையில் இருந்த அந்த 0.38-ஐ ஒட்டியே வருகிறது.

ஸ்கேன் சென்டர் பலகைகளில் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்று பெரிதாக எழுதுகிறார்கள். ஆனால் காந்தம் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள், இன்னும் காஸ்தான். நியோடிமியம் காந்தத்தின் மேல் என்52 என்று போட்டிருக்கிறதே, அந்த 52 எது? அதன் உச்ச ஆற்றல் பெருக்கம், மெகாகாஸ்-ஓர்ஸ்டெட்டில். எண்பதுகளில் கண்டுபிடித்த காந்தத்துக்கு நாங்கள் விடைகொடுத்த அலகில் பெயர்!

நாங்கள் மனப்பாடம் செய்த இன்னொன்றும் மாறிவிட்டது. வெற்றிடத்தின் காந்த உட்புகுதிறன் அப்போது மிகச்சரியாக 4பை × 10⁻⁷. ஆம்பியருக்குப் புது வரையறை வந்த 2019 மே 20 முதல் அது அளந்து அறிய வேண்டிய எண். வித்தியாசம் பத்தாவது இலக்கத்தில்தான். ஆனாலும் வரையறுத்த எண் வேறு, அளந்த எண் வேறு.

இயற்பியல் ஆசிரியர்களே, காஸையும் ஓர்ஸ்டெட்டையும் தேர்வுக்கு வராத பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு என்52 காந்தத்தை வகுப்புக்குக் கொண்டுபோய், அந்த 52-ஐக் கன மீட்டருக்கு எத்தனை ஜூல் என்று மாணவர்களையே மாற்றச் சொல்லுங்கள். சுமார் 4,14,000 வரும்.