மாணவர்கள் ஆர்வத்துடன் விடையளிக்கிறார்கள்

மேல்நிலைப் பள்ளியில் முதுகலைக் கணக்கு வாத்தியார் ஆக வேண்டுமென்றால் பிளஸ் டூவுக்குப் பிறகு ஏழு வருஷம் படிக்க வேண்டும். பி.எஸ்ஸி. மூன்று, எம்.எஸ்ஸி. இரண்டு, பி.எட். இரண்டு. இந்த ஏழு வருஷத்தில் ஒரே ஒரு கேள்வி மட்டும் அவர் காதில் விழுந்துவிடாதபடி பாடத்திட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பையன் எழுந்து நின்று, “மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் சார் பிளஸ் வருது?” என்று கேட்டால் என்ன சொல்வது?

“ரூல் அப்படித்தான். உட்காரு.” இதைச் சொல்ல ஏழு வருஷம் அதிகம். ஏழு நிமிஷம் போதும்.

முதலில் எம்.எஸ்ஸி.யைப் பார்ப்போம். கால்வா கோட்பாடு, லெபேக் அளவை, டோபாலஜி, ஃபங்ஷனல் அனாலிசிஸ். எல்லாம் மனித மூளை எட்டிய உச்சிகள், சந்தேகமில்லை. நம் ஆட்கள் அந்த உச்சிக்கு ஜெராக்ஸ் கடை வழியாக ஏறுகிறார்கள். பத்து வருஷத்து வினாத்தாள், சீனியர் எழுதிவைத்த நோட்ஸ், ‘இந்த வருஷம் நிச்சயம் வரும்’ என்று நட்சத்திரம் போட்ட பன்னிரண்டு தேற்றங்கள். நிரூபணத்தின் மூன்றாவது வரி மறந்துபோனால் நான்காவது வரியிலிருந்து தொடரலாம்; திருத்துபவரும் அதே நோட்ஸில் படித்தவர்தான். ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு ஏன் படிமூலங்களாலான பொதுத் தீர்வு இல்லை என்று இப்படிப் படித்து வந்தவர், அடுத்த வருஷம் இருபடிச் சமன்பாட்டு வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, கட்டம் போட்டு, “மனப்பாடம் பண்ணிக்கோங்க” என்கிறார். கால்வாவுக்கும் கட்டத்துக்கும் ஏதோ உறவு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் கிளைன் என்ற கணித மேதை 1908லேயே இதை எழுதிவிட்டார். பல்கலைக்கழகத்தில் நுழைகிற மாணவன் பள்ளிக் கணக்கை மறக்கிறான். ஆசிரியராகப் பள்ளிக்குத் திரும்பும்போது பல்கலைக்கழகக் கணக்கை மறக்கிறான். இரண்டு இடத்திலும் கயிறு அறுகிறது என்றார். அறுந்ததை முடிச்சுப் போடுவதற்காகவே ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தி, அதைப் புத்தகமாகவும் போட்டார். நாம் அவ்வளவு சிரமப்படவில்லை. அறுந்த இரண்டு நுனிக்கும் தனித்தனியாகப் பட்டம் கொடுத்துவிட்டோம்.

இரண்டாவது நுனிக்குப் பெயர் பி.எட். எம்.எஸ்ஸி.யில் கணக்கு உண்டு, குழந்தை கிடையாது. பி.எட்.டில் குழந்தை உண்டு, கணக்கு கிடையாது. உளவியலாளர்கள் பியாஜேயும் புரூனரும் வருவார்கள், 1956ஆம் வருஷத்து புளூம் தன் கற்றல் நோக்க அடுக்குகளோடு வருவார். பின்னம் மட்டும் வராது. அது ‘உள்ளடக்கம்’, அதை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்களாம்.

பி.எட்.டின் உயிர் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது. பிரவுன் அட்டை, லேபிள், சிவப்பு மையில் கோடு போட்ட பத்திகள்: பாடப்பொருள், ஆசிரியர் செயல், மாணவர் செயல், கரும்பலகைச் சுருக்கம். நான் புரட்டிப் பார்த்த ஒரு நோட்டில், வகுப்பு நடப்பதற்கு முந்தைய வாரமே ‘மாணவர் செயல்’ பத்தி முழுதாக நிரம்பியிருந்தது. “மாணவர்கள் உற்றுநோக்குகிறார்கள்.” “மாணவர்கள் ஆர்வத்துடன் விடையளிக்கிறார்கள்.” “மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.” பக்கத்துக்குப் பக்கம் அதே ஆர்வம், அதே புரிதல். தப்பாகச் சொல்கிற பையன் ஒருவன் அந்த நோட்டில் எங்குமே பிறக்கவில்லை. பிறந்திருந்தால் அவனுக்கு என்ன பதில் என்று யோசிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பத்தி இல்லை. ஒரு குழந்தை ஏன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறது என்பதில்தான் கணிதம் கற்பிப்பதன் பாதி வித்தை இருக்கிறது. நாமோ அந்தக் குழந்தையை நுழைவாயிலிலேயே நிறுத்திவிட்டோம்.

அடுத்தது நுண்ணிலைக் கற்பித்தல். சக மாணவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க, ஐந்து நிமிஷம் ‘வலுவூட்டல் திறன்’ அரங்கேறும். பாடம் நடத்துபவர் எத்தனை முறை “வெரி குட்” சொன்னார் என்று பார்வையாளர் கோடு போட்டு எண்ணுவார். கணித ஆசிரியர் பயிற்சியில் எண்கள் உண்மையாகவே புழங்குகிற இடம் இது ஒன்றுதான். பிறகு பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள், விதிப்படி மொத்தம் இருபது வாரம். அங்கே தலைமையாசிரியர் வாயெல்லாம் பல்லாக வரவேற்று எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், விடைத்தாள் திருத்தம், வராத ஆசிரியரின் வகுப்பில் காவல் என்று பிரித்துக் கொடுப்பார். கடைசி நாளில் கையெழுத்து.

சரி, இத்தனைக்கும் பிறகு ஒரு சின்னக் கணக்கு. ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும். விடை மட்டும் போதாது. அதற்கு ஒரு கதையும் சொல்ல வேண்டும். லிபிங் மா என்ற ஆய்வாளர் அமெரிக்க, சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் இதைக் கேட்டு 1999இல் நூலாக வெளியிட்டார். பட்டம் பெற்ற 23 அமெரிக்க ஆசிரியர்களில் சரியான விடை தந்தவர்கள் 9 பேர். பலர் அரையால் வகுக்கச் சொன்னால் இரண்டாக வகுத்தார்கள். சீன ஆசிரியர்கள் 72 பேருக்கும் விடை சரி, பெரும்பாலோர் கதையும் சொன்னார்கள். அவர்களில் பலரும் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு மூன்று வருஷ ஆசிரியர் பள்ளி மட்டும் முடித்தவர்கள், பட்டதாரிகள் அல்லர். நம்மூர் எம்.எஸ்ஸி., பி.எட்.களிடம் யாராவது இதைக் கேட்டால் என்ன ஆகும் என்று ஊகிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டில் ஊற்றினால் மூன்றரை பாக்கெட் வரும் என்று பால்காரருக்குத் தெரியும். அவருக்கு ரெக்கார்டு நோட்டு கிடையாது.

இதைப் படிப்பு என்று நினைத்துத் திட்டினால் திட்டு வீண். இது வியாபாரம். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் அறிக்கை தந்தது. அதை மேற்கோள் காட்டி 2020 தேசியக் கல்விக் கொள்கையே ஒப்புக்கொள்கிறது: பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தியங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை கற்பிக்க முயற்சிகூடச் செய்வதில்லை, விலைக்குப் பட்டம் விற்கின்றன. சொல்வது எதிர்க்கட்சிப் பேச்சாளர் அல்லர், ஒன்றிய அரசின் கொள்கை ஆவணம். திருடனைத் திருடன் என்று அரசிதழ் நடையில் எழுதிவிட்டு, அவன் கடை உரிமத்தையும் புதுப்பித்துக் கொடுக்கிற நிர்வாகத்தை வேறெங்கே பார்க்க முடியும்?

வருஷத்துக்கு நூறு மாணவர்களைச் சேர்க்கிற பி.எட். கல்லூரிக்கு முழுநேர ஆசிரியர்கள் 16 பேர் வேண்டும் என்கிறது 2014 விதிமுறை. ஆய்வுக் குழு வருகிற காலையில் பதினாறு பேரும் இருப்பார்கள், இஸ்திரி மடிப்புக் கலையாமல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேன் கிளம்பும். மாணவர்கள் தரப்பிலும் குறையில்லை. “வரணுமா, வர வேண்டாமா?” என்பதுதான் சேர்க்கை மேசையில் முதல் கேள்வி. வராதவருக்குக் கட்டணம் கூடுதல். கல்லூரிக்கு வராமல் இருப்பதற்கு மாணவன் பணம் கட்டுகிறான். நாளை வகுப்புக்கு வராமல் இருப்பதற்கு அரசு அவனுக்குச் சம்பளம் கொடுத்தால் மட்டும் நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

இப்படி விற்ற சரக்கு 2012 ஜூலையில் தராசில் ஏறியது. தமிழ்நாட்டின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை, அதாவது டெட்டை, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். 2,500 பேர்கூடத் தேறவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்வி என்பது கொடுமைதான், அடுத்த தேர்வில் நேரத்தைக் கூட்டினார்கள். ஆனால் ஆறு லட்சம் பேருக்கு ‘சிறப்பாகக் கற்பிக்கிறார்’ என்று செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வாரி வழங்கிய கல்லூரிகளில் ஒன்றின் வாசலிலாவது அன்று பூட்டு தொங்கியதா? அந்தத் தெருவிலேயே டெட் கோச்சிங் சென்டர் திறந்தார்கள்.

வேலை கிடைத்த பின்னும் மேற்படிப்பு உண்டு. ஒரு காலத்தில் எம்.எட்., எம்.ஃபில். முடித்தால் ஊக்க ஊதியம். அப்போது ஆசிரியர்களின் அறிவுத் தாகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெளிமாநிலப் பல்கலைக்கழகங்கள்வரை தபாலில் பாய்ந்தது. 2020 மார்ச்சில் அரசு ஊக்க ஊதியத்தை நிறுத்தியது. தாகம் அன்று சாயங்காலமே அடங்கிவிட்டது.

இதே மண்ணில்தான் பி.கே. சீனிவாசன் இருந்தார். சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். காகிதத்தையும் கட்டங்களையும் வைத்தே பிள்ளைகளைக் கணிதம் கண்டுபிடிக்க வைத்தவர். ராயபுரத்தில் ராமானுஜனுக்கு அருங்காட்சியகம் அமைத்தவர். டிசம்பர் 22 வந்தால் பி.எட். கல்லூரிகளில் ராமானுஜன் படத்துக்கு மாலை விழும். சீனிவாசன் பெயரைச் சொல்லிப் பாருங்கள், “எந்த யூனிட்டில் வருது?” என்பார்கள்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், எட்டாம் வகுப்புவரை கற்பிக்கிற, ஓய்வுபெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற, பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நரைத்த தலைகள் இப்போது வழிகாட்டி நூலோடு உட்கார்ந்திருக்கின்றன. கணிதக்காரர் தாவரவியலும் படிக்க வேண்டும், ஏனென்றால் டெட் இரண்டாம் தாளில் கணிதமும் அறிவியலும் சேர்ந்துதான் அறுபது மதிப்பெண். வாங்கியவனுக்குக் கெடு விதித்தாயிற்று. விற்றவனுக்கு எந்தத் தேர்வும் இல்லை, எந்தக் கெடுவும் இல்லை. பி.எட்.டை மறுபடி ஒரு வருஷமாக்கும் வரைவு வந்திருக்கிறதே, நஷ்டமாகுமே என்று ஒரு தாளாளரிடம் கேட்டேன். சிரித்தார். “ஒரு வருஷம்னா பேட்ச் சீக்கிரம் மாறும் சார், நல்லதுதானே!”