அப்பா சொல்லிவிட்டுப் போவார்

அப்பா வெளியூர் கிளம்பினால் வாசலில் நின்று அம்மாவிடம் ஒருமுறை ஒப்பிப்பார். "எல்.ஐ.சி. பாண்டு மேல்தட்டுல. நிலப் பத்திரம் லாக்கருக்குள்ள. இன்னொரு சாவி அண்ணன் வீட்ல." அதன் பிறகுதான் பஸ் ஏறுவார். அவர் காலமானபோது அம்மா யாரிடமும் போய் நிற்கவில்லை. பீரோவைத் திறந்தார், காகிதங்கள் இருந்தன, நாமினி கேட்கும் இடங்களிலெல்லாம் அம்மாவின் பெயர் இருந்தது.

சித்தப்பா காலத்தில் பீரோ காலியாகிவிட்டது. கரண்ட் பில், கேஸ் புக்கிங், பாலிசி பிரீமியம், பேரப்பிள்ளைகளின் படங்கள், ஸ்கேன் செய்து வைத்த பத்திர நகல்கள் எல்லாம் அவருடைய போனுக்குள். திறப்பது அவர் விரல் மட்டும். "அவரு போன நான் தொட்டதே இல்லையே தம்பி" என்றார் சித்தி, காரியம் முடிந்த வாரத்தில்.

துக்க வீட்டில் ரீசார்ஜ் யாருக்கு நினைவு வரும்? 90 நாள் பயன்பாடு இல்லாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் ப்ரீபெய்டு எண்ணை நிறுத்திவிடலாம் என்பது விதி. நிறுத்திய எண் பிறகு வேறொருவருக்குப் போகும். சித்தப்பாவின் எண் அப்படித்தான் போனது. மெயிலைத் திறக்கப் போனால் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் அனுப்புவோம் என்றது. வங்கியில் நாமினி இருந்ததால் இறப்புச் சான்றிதழைக் காட்டிப் பணத்தை வாங்கிவிட்டோம். படங்கள் வரவேயில்லை. அந்த மெயில் நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 'நான் அவர் பிள்ளை' என்று சொல்பவர்களுக்கெல்லாம் திறக்கும் பூட்டு, திருடனுக்கும் திறக்கும்.

ஆனால் சொல்லிவைக்க வழி இருந்தது. கூகுள் 2013 முதல் ஒரு வசதி தருகிறது: நம் கணக்கு 3 மாதத்திலிருந்து 18 மாதம் வரை, நாம் குறிக்கும் காலத்துக்கு அசையாமல் கிடந்தால், நாம் பெயர் கொடுத்த பத்துப் பேர் வரை தகவல் போகும், எதை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் நாமே முடிவு செய்யலாம். இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் அழிக்கவும் செய்கிறது. ஐபோன்காரர்கள் 2021 முதல் வாரிசுத் தொடர்பாக ஒருவரைக் குறிக்கலாம். அவரிடம் நாம் கொடுத்துவைத்த அணுகல் சாவியும் இறப்புச் சான்றிதழும் இருந்தால் போதும்.

சித்தப்பாவுக்குப் பிறகு அம்மாவின் போனோடு உட்கார்ந்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு இருந்ததை மாற்றினோம். ஓரிடத்தில் கசிந்தால் மற்றதெல்லாம் திறந்துவிடும். மீட்பு எண்ணாக அக்காவின் எண்ணைச் சேர்த்தோம். போன் தொலைந்தால் உதவும் பத்து மாற்றுக் குறியீடுகளை, ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும், தாளில் எழுதினோம். அம்மாவுக்குச் சந்தேகம்: "எழுதி வைக்கலாமாடா? திருடன் வந்தா?"

நியாயமான கேள்விதான். பீரோவை உடைக்க ஒருவன் நம் தெருவுக்கு வர வேண்டும். கணக்கை உடைப்பவன் எந்த நாட்டிலிருந்தோ முயல்கிறான். பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் தாள் அவன் கைக்கு எட்டாது. அதனால் எழுதலாம் என்பதே என் முடிவு. யூபிஐ பின்னை மட்டும் எழுதவில்லை, எங்களிடம் சொல்லவும் வேண்டாம் என்றோம். வங்கிப் பணத்துக்கு நாமினிதான் நேரான வழி. "அதத்தானேடா உங்கப்பா செஞ்சுட்டுப் போனாரு" என்றார் அம்மா.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மூத்தவரின் போனை அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். மீட்பு எண் என்று பதிந்திருப்பது இன்றும் இயங்கும் எண்தானா என்று பாருங்கள். பழைய எண்ணாக இருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். வரும் ஓடிபியைப் படித்துச் சொல்ல அவர் பக்கத்திலேயே இருக்கிறார்.