மடியில் பூனை, கையில் காபி

கேள்வி: சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் என் மச்சான், ஒரு பாரில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டிரிப்ஸ் பையிலிருந்து குடித்தேன் என்கிறார். ரீல்தானே?
(வாசகர், பொன்னேரி)

பதில்: எப்போது போனாராம்? கிளார்க் கீயில் 'கிளினிக்' என்ற பெயரிலேயே அப்படியொரு பார் இருந்தது. மூடிப் பல வருஷமாச்சு. போன மாசம் போனேன் என்றால் ரீல். நம்ம ஊரில் முதலில் குடி, அப்புறம் டிரிப்ஸ். அவர்கள் இரண்டையும் ஒரே பில்லில் முடித்துவிட்டார்கள்.

கேள்வி: பூனை கஃபே ஜப்பான்காரர் யோசனையா?
(வாசகி, திருவள்ளூர்)

பதில்: தைவான்காரர் யோசனை. 1998-ல் தைப்பேயில் முதல் கடை. 2004-ல் ஒசாகாவில் ஒன்று வந்தது. அப்புறம் ஜப்பான் முழுக்கப் பெருகிவிட்டது. அங்கே பல வாடகை வீடுகளில் பூனை வளர்க்க விடமாட்டார்கள். கொஞ்ச நேரத்துக்குக் கொஞ்சம் காசு கொடுத்துக் கொஞ்சிவிட்டு வருகிறார்கள். நம் மீன் மார்க்கெட் பூனைக்கு விஷயம் தெரிந்தால் மணிக்கணக்கு போட்டு வாடகை கேட்கும்.

கேள்வி: பனிக்கட்டியிலேயே பார் கட்டியிருக்கிறார்களாமே?
(உருக்காலை ஊழியர், கும்மிடிப்பூண்டி)

பதில்: ஸ்டாக்ஹோமில் 2002-லிருந்து. சுவர், மேஜை, டம்ளர் எல்லாம் டோர்னே ஆற்றுப் பனிக்கட்டி. உள்ளே மைனஸ் 5 டிகிரி. வாசலிலேயே கோட்டும் கையுறையும் மாட்டி அனுப்புவார்கள். உலைக்கு முன்னால் கையுறை போட்டு நிற்கிற உங்களுக்கு அது பழகின வேஷம்தான், வியர்வை மட்டும் குறையும்.

கேள்வி: டோக்கியோவில் தனியாக இருக்கிறேன். ஓட்டலில் ஒற்றை ஆளாக உட்காரக் கூச்சம்.
(சொந்த ஊர் கவரைப்பேட்டை)

பதில்: அங்கே மூமின் கஃபேயில், தனியாக வருகிறவர் எதிரே ஒரு பெரிய பொம்மையை உட்கார வைக்கும் வழக்கம் உண்டு. பின்லாந்துக் கதைப் பாத்திரம். வெள்ளையாக, நீர்யானை சாயலில், தொந்தியோடு இருக்கும். தொணதொணக்காது. உங்கள் ஊர் மெஸ்ஸில் என்றால் எதிரே வந்து உட்கார்ந்த அண்ணன், சாம்பார் வருவதற்குள் "தம்பி எந்தக் கம்பெனி, பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா, கல்யாணம் ஆச்சா?" என்று முடித்திருப்பார். பொம்மையே மேல் என்று சில நாள் தோன்றும். சில நாள்தான்.

கேள்வி: சென்னையில் ஜெயில் மாதிரி ஓட்டலாமே?
(வாசகர், சோழவரம்)

பதில்: கைதி கிச்சன் என்று ஒன்று திறந்தார்கள். கம்பிக்குள் மேஜை, சுத்த சைவம். சோழவரத்திலிருந்து போனால் புழல் ஜெயிலைத் தாண்டித்தான் போகணும். அங்கே சாப்பாடு இலவசம், வெளியே வரத்தான் ஜாமீன் வேணும்.

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தீம் கஃபே போட்டால் ஓடுமா?
(வாசகர், ஆரம்பாக்கம்)

பதில்: ஓடிக்கொண்டுதானே இருக்கிறது! காலை ஐந்தே முக்காலுக்கு சிப்காட் ரோட்டு டீக்கடையில் நின்று பாருங்கள். நைட் ஷிப்ட் முடித்தவர் கொட்டாவி விடுகிறார். பக்கத்தில் பஸ்ட் ஷிப்ட்காரர் ஈரத் தலையும் புது விபூதியுமாக நிற்கிறார். இருவர் கழுத்திலும் ஐடி கார்டு, காலில் சேப்டி ஷூ. கவிழ்த்த ஹெல்மெட்டுக்குள் மசால் வடைப் பொட்டலம். ஒடிசாக்காரர் "சீனி கம்" என்கிறார். தடாவிலிருந்து வந்தவர் "பஞ்சதார தக்குவ" என்கிறார். "சர்க்கரை கம்மி" என்கிறேன் நான். மாஸ்டர் மூன்று பேருக்கும் ஒரே அளவுதான் போடுகிறார், நிறையவே. ஸ்ரீசிட்டி கம்பெனி ஜப்பான்காரர் யாராவது ஒருநாள் இதைப் பார்த்தால் டோக்கியோவில் நுழைவுக் கட்டணம் வைத்துத் திறந்துவிடுவார். முந்திக்கொள்வதென்றால் முதலில் அந்த மாஸ்டரைப் பிடியுங்கள்.

கேள்வி: நீங்கள் போக ஆசைப்படும் கஃபே?
(வாசகி, மீஞ்சூர்)

பதில்: டோக்கியோ கோயன்ஜியில் 2022-ல் திறந்த எழுத்தாளர் கஃபே. எத்தனை வார்த்தை, எத்தனை மணிக்குள் என்று நுழையும்போதே எழுதிக் கொடுக்கணும். அவ்வப்போது வந்து "எதுவரை ஆச்சு?" என்பார்கள். முடிக்காமல் எழுந்திருக்க முடியாது. ஆசைப்படுவது நான் இல்லை, எங்கள் ஆசிரியர். டிக்கெட் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார், ஒரு வழிக்கு மட்டும்.