குறுந்தொட்டி வண்டியில் குடில் ஏற்றும் முறை: ஜவ்வாது மலையை நிலைக்களமாகக் கொண்ட ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

பாயிரமில்லாத நூலை நம் பெரியோர் நூலென்று மதிப்பதில்லையாதலாலும், பாயிரம் ஒன்றே உள்ள நூல்களுக்கும் இந்நாளில் பட்டம் கிடைத்து வருவதாலும், அதனை விஸ்தாரமாகவே தொடங்குவது நமக்கு இருவகையாலும் லாபம். பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள் அப்படியே நுழைத்துப் பூட்டத்தக்கதாய், படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் உள்ளடங்கியதாய், வீடு திரும்பியபின் நான்கு ஜாக்கிகளின்மேல் நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் உருவிக்கொள்ளக் கூடியதாய் உள்ள சிற்றறையை அமெரிக்க தேசத்தார் கேம்பர் என்பர். தொட்டி குறுகிய வண்டிக்கு அத்தகைய அறைகளுள் எது தகும் என்பதே இந்நூல் நுதலிய பொருள். எல்லை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை. கேட்போர், போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வழியில் தேநீருக்காக வண்டியை நிறுத்தியவர்கள். பயன், கேட்டு முடித்தபின் அவர்களையே வினவித் தெளிக.

தோற்றுவாய்

இம்மலையின் கீழ்சேப்புளியில், குள்ளர் குகை என்று ஊரார் வழங்கும் பெருங்கற்காலக் கற்திட்டைகள் உள்ளன. பலகைக் கற்களைச் சுற்றிலும் நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடிய அமைப்பு. அவை இறந்தோர்க்கு எழுப்பிய சின்னங்கள் என்பது தொல்லியலார் கொள்கை. சுவரும் கூரையும் இருத்தலாலும், உயரமான மனிதன் காலை நீட்ட இயலாமையாலும், அவை குறுந்தொட்டிக் கேம்பர்களே என்பது நம் கொள்கை. வண்டி எங்கே என்று கேட்பார்க்கு விடை எளிது: வண்டி அகப்படாமை, இன்னும் தோண்டாமையைக் காட்டுமேயன்றி வண்டி இல்லாமையைக் காட்டாது. இம்முறையில் நிறுவப்பட்ட பேருண்மைகள் தமிழில் ஏற்கெனவே பல இருத்தலின், நம்முடையதை மட்டும் ஐயுறுவது நடுவுநிலைமை ஆகாது.

தொட்டியியல்

தொட்டி, நெடில் என்றும் குறில் என்றும் இருவகைப்படும். 2005-இல் வெளிவந்து, சாமை மூட்டையும் பலாப்பழமும் சுமக்கும் பேறு பெற்று, சின்ன யானை என்று நாட்டார் கொண்டாடும் டாட்டா ஏஸ் வண்டியின் தொட்டி ஏறத்தாழ 2200 மில்லிமீட்டர் நீளமுடையதாதலின் நெடில். 2016-இல் இந்நாட்டில் விற்பனைக்கு வந்து, விலையாலும் உருவத்தாலும் அதனைப் பன்மடங்கு விஞ்சிய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் வண்டியின் தொட்டியோ, முன்னே இரு வரிசை இருக்கைகளுக்கு இடம் ஈந்துவிட்டமையால், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்ச் சதுரமாய்ச் சுருங்கிக் குறிலாயிற்று. பணம் பெருகப் பெருகக் காலை நீட்டும் இடம் குறையும் என்னும் இவ்விதிக்குப் பொருளாதார வல்லுநர் வேறு பெயர் வைத்திருக்கக்கூடும். பின்கதவைத் தாழ்த்தி நீளம் கூட்டிக்கொள்வது அளபெடை. பின்வரும் வண்டியின் விளக்கு உள்ளங்காலில் படும்போது அது இன்னிசை அளபெடை ஆகாது என்பது மட்டும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.

எடையியல்

கேம்பர் மூவகை: சுவர் உறுதியாய், ஓட்டுநர் தலைக்குமேல் படுக்கை நீட்டியது, கூரை மட்டும் எழுந்து தாழ்வது, கம்பி வளைவின்மேல் தார்ப்பாய் போர்த்தியது. முதல்வகை பெரும்பாலும் ஒரு டன்னை எட்டும் அல்லது தாண்டும். சின்ன யானை முதலில் வந்தபோது அதற்கு விதித்த சுமை 750 கிலோ. நூறு லிட்டர் தண்ணீரே நூறு கிலோவாதலின், குளிக்கும் விருப்பமுடையோர் அவ்விருப்பத்தை மலையடிவாரத்திலேயே விட்டுவிடுவது நலம். அன்றியும், கேம்பரின் எடைமையம் பின் ஆக்சிலுக்கு முன்னே விழ வேண்டும். பின்னே விழுந்தால் முன்சக்கரம் தரையைப் பற்றும் வலி குன்றி, கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் செல்லும். நான்கு பக்க ஆராய்ச்சிக்கு நாற்பது பக்கப் பின்னிணைப்பைப் பூட்டிய சில நூல்கள், வாசகன் எவ்வளவு திருப்பியும் பொருளை நோக்கித் திரும்ப மறுப்பதற்கும் காரணம் இதுவே.

உடைமையியல்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. எனவே கேம்பர் வண்டியோடு ஒன்றா, வேறா, ஒன்றாகியும் வேறானதா என்னும் வினா எழும். போல்ட் இட்டு இறுக்கினால் அத்வைதம். அது வழக்கில் முடியும். கயிற்றால் கட்டினால் துவைதம். அது பள்ளத்தில் முடியும். சங்கிலியால் பிணைத்து, வேண்டும்போது கழற்றுவது விசிஷ்டாத்வைதம். சோதனைச் சாவடியில் அதனை விளக்கிச் சொல்லப் போதிய அவகாசம் வேண்டும்.

அடுப்பியல்

டீக்கடை உண்டு.

கழிப்பியல்

இதுபற்றி நூல்கள் மௌனம் சாதிக்கின்றன.

கிடையியல்

இனி, நூலின் உயிர்நிலையாகிய, தலை எத்திசை வைப்பது என்னும் பிரச்சினைக்கு வருவோம். வடக்கே தலைவைத்துப் படுக்கலாகாது என்று எந்தப் பாட்டியும் விதித்திருப்பாள். நிற்கும் வீட்டுக்கு அவ்விதி போதும், திரும்பும் வீட்டுக்குப் போதாது என்பதைப் பாட்டிகள் ஆராய்ந்திலர்.

முதற்கண், வடக்கு எது? காந்த ஊசியை நம்பலாமெனின், சுற்றிலும் இரும்பாகிய தொட்டிக்குள் அது வண்டியையே வடக்கென்று காட்டும். துருவ நட்சத்திரத்தை நோக்கலாமெனின், இம்மலையின் அட்சரேகையில் அது தொடுவானுக்கு மேல் ஏறத்தாழ பன்னிரண்டரைப் பாகையே நிற்பதால், எதிரே ஒரு குன்றும் இரண்டு மரமும் இருந்தால் மறைந்துபோம். 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்ற 2.34 மீட்டர்த் தொலைநோக்கியின் அச்சைத் துருவத்தை நோக்கி நிறுத்தியிருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தாரிடம், படுக்கை விரிப்பதற்காக வடக்கைக் கேட்டு நள்ளிரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு செல்வது, இருளையே மூலதனமாகக் கொண்ட அவர்கள் தொழிலுக்கு இடையூறாகும்.

வடக்கு அகப்பட்டதென்றே கொள்வோம். மலைச்சரிவில் நிற்கும் வண்டியில் தலை மேட்டுப்பக்கம் இருத்தல் வேண்டும். இன்றேல் இரத்தம் இறங்கித் தலைநோவு உண்டாகும். மேடு வடக்கிலும் வண்டியின் முகம் மேட்டை நோக்கியும் இருப்பின், நெடில் தொட்டியில் நேராகப் படுப்பவன் பாவத்தையோ தலைநோவையோ ஏற்றே தீரவேண்டும். குறில் தொட்டிக்காரனோ, நேராகப் படுக்க இடமின்றி, சக்கர மேடுகள் இரண்டையும் தவிர்த்து, இரண்டு மீட்டருக்குச் சற்றே மிகுந்த கர்ணத்தின் வழியே கோணலாகக் கிடக்கிறான். அவனுக்கு மேட்டுப்பக்க மூலைகள் ஒன்று வாயுமூலை, மற்றொன்று ஈசானம். இரண்டுமே குற்றமற்றவை! குறுமை குறையன்று, சாஸ்திரோக்தமான குணம் என்பது இதனால் பெறப்பட்டது. இக்கண்டுபிடிப்பு நம்முடையதே.

ஓடும் வண்டியில் ஒருவன் துயிலும்போது யாது செய்வது? சரக்கு வண்டித் தொட்டியில் ஆளேற்றலாகாது என்று சட்டம் தடுக்கிறது, ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. வளைவுதோறும் தலை திசை மாறுவதால், வடக்கை நோக்கிய ஒவ்வொரு கணமும் ஒரு பாவம் என்பர் கணவாதிகள். ஏறும்போது செய்தது இறங்கும்போது கழியும் என்பர் சராசரிவாதிகள். படுக்கையில் சாய்ந்த வேளையின் எண்ணமே பிரமாணம் என்பர் சங்கற்பவாதிகள். இம்மூவரையும் மறுக்கும் பஞ்சர்க்கடை விருத்தியுரையும், அதன்மேல் எழுந்த தேநீர்ப்பலகைக் குறிப்புரையும், அக்குறிப்புரையின் ஓரத்தில் வேறொரு கை எழுதி வைத்த, சட்னிக் கறையால் பாதி அழிந்துபோன மறுப்பும், அம்மறுப்பை நேரில் கண்டதாகக் கூறி அதன் பக்க எண்ணை மட்டும் தவறாகத் தரும் நான்கு பிற்கால நூல்களும் இருப்பதாகப் பிறர் எழுதக் கண்டோம். நாமும் அவ்வாறே எழுதினோம். மேற்கோள் என்பது இங்ஙனமே வளர்வது.

ஒழிபியல்

முடிந்த முடிபு வருமாறு: உறுதிச்சுவர்க் கேம்பரை, எடைமிகுதியாலும், தலைக்குமேல் நீண்ட அதன் மாடம் ஊர்ப்பாதையின் பலாக்கிளைகளோடு வாதிடும் ஆதலாலும் விலக்குக. கூரை எழுந்து தாழ்வது உத்தமம், கிடைத்தால். கிடைக்கவில்லையெனின், கம்பியும் தார்ப்பாயும் மத்திமம். எந்தப் பட்டறையிலும் வளைத்துக் கொடுப்பார்கள். இரண்டிலும் கர்ணத்தின் வழியே ஒருவர்க்கே இடம் உண்டு. இருவர் படுப்பின் ஒருவர் மற்றவரின் குறுக்கே கோடாவர்.

ஆகவே, மனைவி மக்களையும் நண்பரையும் உடன்கொள்ளாது, தன் துறையில் உள்ள ஏனைய அனைவரோடும் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு, நேராகப் படுத்தும் பழக்கமில்லாத ஒருவனே குறுந்தொட்டிக் குடிலுக்கு அதிகாரி. அத்தகையோர் நம் ஆராய்ச்சி உலகில் மிகப் பலராதலின், ஜமுனாமரத்தூரில் வண்டி நிறுத்த இடம் போதுமா என்பதே அடுத்த பதிப்பில் ஆராயற்பாலது.