ஆறு கணினிக்கு ஒரு பிரிண்டர்: ஓர் அதிகாரவியல் ஆய்வு

ஆய்வுக் களம்

ஒரு சிறுநகர ஆடிட்டர் அலுவலகம். கணினி ஆறு, பிரிண்டர் ஒன்று. காலம் ஜூலை. வருமான வரிக் கணக்குக்கு வழக்கமாக 31ஆம் தேதி கெடு என்பதால், மனித இயல்பு மேல்பூச்சு இல்லாமல் பார்க்கக் கிடைக்கும் மாதம் அது.

கருதுகோள்

பிரிண்டரைப் பகிர்வது தொழில்நுட்பம் சார்ந்தது என்பது பொதுமக்கள் நம்பிக்கை. இவ்வாய்வு அதை மறுக்கிறது. அது முழுக்க முழுக்க அரசியல். பிரிண்டரின் யூ.எஸ்.பி. வயர் யாருடைய கணினியில் சொருகியிருக்கிறதோ அவரே அலுவலகத் தலைவர். வாசல் பலகையில் பெயர் உள்ளவர் வாடகை கட்டுபவர் மட்டுமே.

முன்னோர் கண்டவை

1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாப் மெட்கஃப், கணினிகளை வயரால் இணைக்கும் ஈதர்நெட்டுக்கு வித்திட்டார். அங்கிருந்த ஆல்டோ கணினிகள் எல்லாம் ஒரே லேசர் பிரிண்டரைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆக, இன்று அலுவலகச் சுவரெல்லாம் ஓடும் லேன் வயருக்குப் பூர்வ கதை பிரிண்டர்தான்.

அடுத்து, எம்.ஐ.டி. ஆய்வகத்து ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980 வாக்கில் அங்கே பொதுவாக இருந்த லேசர் பிரிண்டரில் அடிக்கடி தாள் சிக்கியது. சிக்கியதும் காத்திருப்போர் திரையில் தகவல் காட்டும்படி மென்பொருளைத் திருத்த நினைத்தார். மூல நிரல் கிடைக்கவில்லை. அந்தக் கடுப்பும் சேர்ந்தே 1983இல் கட்டற்ற மென்பொருளுக்கான க்னூ திட்டத்தை அறிவிக்க வைத்தது. அங்கே தாள் சிக்கி ஓர் இயக்கம் பிறந்தது. நம் களத்தில் தாள் சிக்கினால், “கடைசியா யாரு பிரிண்ட் குடுத்தது?” என்ற கேள்வி பிறக்கிறது. பதில் பிறந்ததாகச் சான்றில்லை.

தலைமையின் இயல்பு

நம் களத்தில் வயர் இருப்பது பில்லிங் மேடத்தின் கணினியில். அவர் ஷட்டவுன் செய்தால் மற்ற ஐந்து திரைகளிலும் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ ஆகிவிடும். ஒரு மாலை ஐந்தரை மணிக்குப் பதிவான உரையாடல் இது:

“மேடம், சிஸ்டத்த மட்டும் ஆன்ல விட்டுட்டுப் போங்களேன்.”

“ஆஃப் பண்ணிட்டேனே சார். பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

கெஞ்சியவர் ஆடிட்டர். கருதுகோள் இந்த இடத்திலேயே நிறுவப்பட்டுவிட்டது. எனினும் ஆய்வுக்கு நீளம் வேண்டும் என்பதால் தொடர்கிறோம்.

குடிமக்கள் வகைப்பாடு

ஒன்று, மீளழுத்தர். தாள் வரவில்லை என்றால் மறுபடி அழுத்துவார். அதுவும் வராவிட்டால் இன்னும் பலமாக அழுத்துவார். பிரிண்டர் உயிர்பெறும்போது ஒரே சலான் ஏழு பிரதியாக வரும்.

இரண்டு, துறந்தார். அச்சிடுவார், எடுக்க வரமாட்டார். ட்ரேயில் கிடக்கும் ஆதார் நகலும் ரயில் டிக்கெட்டும் இவர் விட்டுச்சென்றவை.

மூன்று, லெட்டரர். இவருடைய கோப்பு அமெரிக்க லெட்டர் அளவில் இருக்கும். அது நம் ஏ4 தாளைவிட அகலத்தில் 6 மி.மீ. கூடுதல், நீளத்தில் 18 மி.மீ. குறைவு. ட்ரேயில் ஏ4தான் உண்டு என்பதால் பிரிண்டர் விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும். ரேஷன் கடையில் முதல் ஆள் கார்டைத் தேடினால் வரிசையே நிற்பதுபோல், பின்னால் உள்ள அத்தனை பேரின் தாளும் நிற்கும்.

அந்நியத் தலையீடு

2021 ஜூன் இறுதியில், பிரிண்ட் வரிசையைக் கவனிக்கும் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பாதுகாப்பு ஓட்டை அம்பலமானது. மைக்ரோசாஃப்ட் அடைத்துக்கொண்டே வந்தது. செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு, பகிர்ந்த பிரிண்டர்கள் பல இடங்களில் ‘11பி’ என்று முடியும் பிழை எண்ணைக் காட்டிவிட்டு நின்றுபோயின. திருடன் நுழையாதபடி கதவைச் சாத்தியதில் வீட்டுக்காரரும் வெளியே நின்றார்.

எதிர்வாதமும் மறுப்பும்

“பிரிண்டரை நேராக நெட்வொர்க் சுவிட்சில் சொருகினால் தலைமையே ஒழியுமே” என்பர் சிலர். ஒழியாது, இடம் மாறும். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு ஐ.பி. முகவரி தந்துவிடலாம். கணினிகளோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் பாஸ்வேர்டு தெரிந்தவர் சிஸ்டம் சர்வீஸ் தம்பி மட்டும். அன்றுமுதல் அவர்தான் தலைவர், போனையும் எடுக்கமாட்டார்.

முடிவும் பரிந்துரையும்

பிரிண்டரை நெட்வொர்க்கில் இணைத்து, மாறாத ஐ.பி. கொடுத்து, ரவுட்டர் பாஸ்வேர்டை இருவருக்காவது தெரியும்படி வைப்பதே மக்களாட்சிக்கு நெருக்கமான ஏற்பாடு. வாசகருக்கு ஒரே வேண்டுகோள்: தாள் வரவில்லை என்றால் மறுபடி அழுத்தாதீர்கள். பிரிண்ட் வரிசையைத் திறந்து, முன்னால் யாருடைய கோப்பு நிற்கிறது என்று பாருங்கள். பல நேரம் அது உங்களுடையதாகவே இருக்கும்.